ஊருக்கு ஒரு குழு தொடங்கப் போகிறீர்களா? கதவை எவ்வளவு திறப்பது என்று முதலில் யோசியுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இப்போது எதற்கும் ஒரு குழு இருக்கிறது. வயல்காரருக்கு ஒன்று, ஓ/எல் எழுதும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று, கோயில் திருவிழாவுக்கு ஒன்று, பள்ளிவாசல் ஜமாஅத்துக்கு ஒன்று, கட்டாரில் இருக்கும் ஊராருக்கு ஒன்று, அந்த ஒன்றில் சண்டை பிடித்துக்கொண்டு பிரிந்து போனவர்களுக்கு இன்னொன்று. தொடங்குவது ஐந்து நிமிட வேலை. பெயர், ஒரு படம், தெரிந்த நாலு பேர், முடிந்தது. அந்த ஐந்து நிமிடத்தில் போகிற போக்கில் அமுக்கிவிடுகிற ஒரு பொத்தான்தான் பிறகு யார் வாய் திறப்பார், யார் மௌனமாக இருப்பார், என்ன மாதிரிப் பேச்சு நடக்கும் என்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு போகிறது: வெளியில் இருப்பவர்களுக்கு இந்தக் குழு தெரிய வேண்டுமா, வேண்டாமா?

இது முதன்முதலாக அட்மின் ஆகிறவர்களுக்காக எழுதுவது. நான் பார்ப்பது வயல்காரர் குழு, அதனால் உதாரணம் எல்லாம் வயல் பக்கமாகவே வரும். நீங்கள் ரியூஷன் குழுவோ மீன்பிடிக் குழுவோ நடத்தினால் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. நாலு கேள்வியையும் தனித்தனியாகக் கேளுங்கள்

பப்ளிக், பிரைவேட் என்று இரண்டே நிலைதான் என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள் நாலு. இப்படி ஒரு குழு இருப்பதே வெளி ஆளுக்குத் தெரியுமா? உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியுமா? சேராமலே வாசிக்கலாமா? யாரையும் கேட்காமல் வந்து எழுதலாமா?

பேஸ்புக் 2019 இல் தன் பழைய மூன்று வகையையும் எடுத்துவிட்டுப் பப்ளிக், பிரைவேட் என்று இரண்டாக்கியது, பிரைவேட் குழு தேடலில் வருமா மறைந்திருக்குமா என்பதைத் தனி செட்டிங் ஆக வைத்தது. பிரைவேட்டாகவும் தேடலில் வருவதாகவும் வைத்தால் குழு இருப்பது ஊருக்குத் தெரியும், பேச்சு உள்ளே இருக்கும். பெரும்பாலான ஊர்க் குழுக்களுக்கு இதுவே போதும் என்பது என் அபிப்பிராயம்.

வாட்ஸ்அப் வேறு. அங்கே சேராமல் வாசிக்க வழியில்லை, அதனால் அதை மூடிய அறை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் லிங்க் ஒன்று வெளியே போனால் யாரும் வரலாம். 2020 பெப்ரவரியில் ஏராளமான வாட்ஸ்அப் குழுக்களின் லிங்க்குகள் கூகுள் தேடலில் வந்து கிடந்தன; யாரோ எங்கோ பொது இடத்தில் ஒட்டிவிட்டுப் போனவைதான் அவை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. உள்ளே வந்தவருக்கு மற்ற எல்லோருடைய ஃபோன் நம்பரும் தெரியும். ரியூஷன் குழுவில் பெண் பிள்ளைகளின் நம்பரை முன்னூறு பேருக்குக் காட்டுகிறோம் என்று பல அட்மின்களுக்கு யாராவது சொல்லும் வரைக்கும் உறைப்பதில்லை. வாட்ஸ்அப்பிலேயே கொம்யூனிட்டி என்ற வசதியில் அறிவிப்புக் குழுவில் இருப்பவர்களுக்கு ஒருவர் நம்பர் ஒருவருக்குத் தெரியாது, அட்மினுக்கு மட்டும் தெரியும். டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம். ஆனால் டெலிகிராம் குழுவைப் பப்ளிக் ஆக்கினால் பழைய பேச்சு முழுவதையும் சேராமலே யாரும் வாசிக்கலாம், இதைத் தெரியாமல் பப்ளிக் ஆக்கிவிடாதீர்கள்.

சரி, நாலு கேள்விக்கும் பதிலை ஒரு கடதாசியில் எழுதிவிட்டு ஃபோனைத் தொடுங்கள்.

2. வெளி ஆள் யார் என்று முகம் முகமாக நினைத்துப் பாருங்கள்

'வெளியே தெரியும்' என்றதும் நமக்கு எங்கோ இருக்கும் முகம் தெரியாத ஒருவர்தான் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் பக்கத்தில் முதல் வெளி ஆள் அடுத்த வளவுக்காரர். பிறகு கிராம சேவகர், பிள்ளையின் பாடசாலை அதிபர், லீசிங் காசு வசூலிக்க வரும் தம்பி, நாளைக்குச் சம்பந்தம் பேச வரப்போகிறவர்கள். ஒரு பெண் நுண்கடன் கட்ட முடியாமல் என்ன செய்வது என்று கேட்கிறார் என்று வையுங்கள். பெயர் போடவில்லை. களுவாஞ்சிகுடிப் பக்கம், மூன்று பிள்ளைகள், புருஷன் சவூதியில் என்ற அளவில்தான் எழுதியிருக்கிறார். அது போதும், பின்னேரத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிய நகரத்தில் பெயரை மறைத்தால் ஆள் மறைந்துவிடுவார், மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருக்கும் எழுவான்கரையில், சொந்தமும் கூட்டமும் பின்னிக் கிடக்கிற ஊரில் அப்படி இல்லை. அதனால் பேஸ்புக்கில் பெயரில்லாமல் எழுதும் வசதியை மட்டும் நம்பி, குழுவைப் பப்ளிக் ஆக விட்டுவிட்டு, 'கூச்சப்படாமல் கேளுங்கள்' என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

தூரத்து வெளி ஆள் வேறு மாதிரி. ரொறன்ரோ, சூரிச், டோகா என்று இருக்கும் நம் ஆட்கள். இவர்கள் வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுகிறவருக்கு உற்சாகம் வருகிறது. கரைவலை இழுக்கும் படம், மண்டூர்த் திருவிழா, பழைய வடமோடிக் கூத்துக் கொப்பியின் ஒரு பக்கம், இப்படி எதையாவது போட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் நாலு வரிக் கொமென்ட் போட்டவரை இன்னும் பத்துப் படம் எடுக்க வைக்கும். ஆனால் அரசியலோ இன விஷயமோ வந்துவிட்டால் இதே தூரம் மறுபக்கம் வேலை செய்யும். காத்தான்குடியிலும் ஆரையம்பதியிலும் இருந்துகொண்டு நாளைக்குச் சந்தையில் முகம் பார்க்க வேண்டியவர்கள் கொஞ்சம் அடக்கித்தான் எழுதுவார்கள். வெளிநாட்டில் இருந்து எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது, அவர் சூடு ஏற்றிவிட்டு நித்திரைக்குப் போய்விடுவார், அணைக்கிற வேலை இங்கே இருப்பவருக்கு.

மூன்றாவது வெளி ஆள் மனிதரே இல்லை. தேடுபொறி. பொது இடத்தில் எழுதியதை அது எடுத்து வைத்துக்கொள்ளும், இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களும் பொது இணையத்தில் கிடப்பதை அள்ளிக்கொண்டு போகின்றன. நீங்கள் அழித்தாலும் பிரதி எங்கேயாவது இருக்கும். இதைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம், இதில் நன்மையும் உண்டு. வயல் நோய் ஒன்றைப் பற்றித் தமிழில் தேடிப் பாருங்கள், வருவதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக்கு எழுதியது: குறுவை, சம்பா என்று வேறு பருவம், வேறு நெல்லினம், வேறு மருந்துப் பெயர். நம்முடைய பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் பொருந்துகிற பதில் வெளியே இல்லாததற்குக் காரணம் அந்தப் பதில்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் வாரா வாரம் மேலே போய் மறைந்துகொண்டிருப்பதுதான்.

3. திறந்தால் என்ன நடக்கும், மூடினால் என்ன நடக்கும்

'மூடினால்தான் தரம்' என்று ஒரு கூட்டமும் 'திறந்தால்தான் வளர்ச்சி' என்று ஒரு கூட்டமும் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆதாரம் உண்டு.

2005 ஒக்டோபரில் சீன அரசு தன் நாட்டில் சீன மொழி விக்கிப்பீடியாவைத் தடை செய்தது. ஹொங்கொங், தாய்வான், சிங்கப்பூர் போன்ற இடங்களில் இருந்து எழுதியவர்களுக்குத் தடை இல்லை, அவர்கள் முன்போலவே எழுதியிருக்கலாம். ஆனால் அவர்களுடைய பங்களிப்பும் சராசரியாக 42.8 வீதம் குறைந்துவிட்டது. 2011 இல் வெளிவந்த ஒரு பொருளியல் ஆய்வின் கணக்கு இது. எழுதுகிறவர் கையை யாரும் பிடிக்கவில்லை, வாசிக்கிறவர் கூட்டம் சுருங்கியது, அவ்வளவுதான். ஆக, 'நாம் நாலு பேருக்குள் பேசினால் போதும், வாசகர் எதற்கு' என்று குழுவை இறுக மூடும்போது நன்றாக எழுதுகிறவரின் உற்சாகத்தையும் கொஞ்சம் மூடுகிறீர்கள்.

மறுபக்கம் இது. அமெரிக்க உளவுத்துறை இணையத்தைக் கண்காணிக்கிறது என்று எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூனில் வெளியிட்ட பிறகு, ஆங்கில விக்கிப்பீடியாவில் பயங்கரவாதம் சம்பந்தப்பட்ட கட்டுரைகளைப் பார்ப்பது 30 வீதத்துக்குக் கிட்டக் குறைந்ததாக ஜொனதன் பெனி என்ற சட்ட ஆய்வாளர் 2016 இல் எழுதினார். அவர்கள் எதையும் எழுதவில்லை, வாசிக்கத்தான் போனார்கள், அதற்கே பயம். யார் பார்க்கிறார் என்று தெரியாத நிலைதான் ஆளை ஒடுக்குகிறது. யுத்த காலத்தில் வளர்ந்த நம் தலைமுறைக்கு இதை ஆய்வு செய்து சொல்லத் தேவையில்லை.

தரம் என்று பார்த்தாலும் இதே இழுபறி. திறந்த இடத்தில் ஆட்கள் எழுதும்போது கொஞ்சம் உடுத்திக்கொண்டு எழுதுவார்கள்: எழுத்துப்பிழை குறையும், படம் தெளிவாக இருக்கும், கெட்ட வார்த்தை வராது. ஆனால் ஆரம்பநிலைக் கேள்விகள் காணாமல் போகும். 'யூரியா எப்போது போடுவது' என்று கேட்க ஒரு புதிய விவசாயிக்கு வெட்கம், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள். பதில் சொல்கிறவரும் கேட்டவருக்குச் சொல்வதை விட்டுவிட்டுப் பார்க்கிறவர்களுக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

மூடிய குழுவில் மனம் திறந்த பேச்சு உண்டு. 'மறுகா என்ன மருந்து அடிச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க' என்று கேட்கலாம், பதிலும் வரும். ஆனால் அதற்குள் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை: பிழையான பதிலைத் திருத்த வெளியில் இருந்து ஒரு கண் கிடையாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்து நவம்பரில் மீண்டும் திறந்தார்களே, அந்த மாதங்களில் குழுக்களுக்குள் ஓடிய வீட்டு உரக் கரைசல் செய்முறைகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சொல்வார், பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுவார்கள், அது உண்மையாகிவிடும். ஒரு விவசாயப் போதனாசிரியர் பார்த்திருந்தால் இரண்டு வரியில் திருத்தியிருப்பார், அவருக்குத்தான் தெரியாதே. அதோடு காலை வணக்கப் படம், ஒரே கேள்வி மாதம் மாதம், வட்டிக்குக் காசு விளம்பரம்.

4. பேச்சுக்கு ஓர் அறை, பதிலுக்கு ஓர் அறை

நான் எல்லோருக்கும் சொல்வது இதைத்தான், இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆட்களையும் அவர்கள் பேச்சையும் உள்ளே வையுங்கள். பேச்சில் இருந்து கிடைத்த பதிலை வெளியே வையுங்கள்.

வயல் குழுவில் இது இப்படி நடக்கும். ஒருவர் வாட்ஸ்அப்பில் தன் வயல் படத்தைப் போட்டு, பயிர் வட்ட வட்டமாகக் காய்கிறது, ஏற்கனவே கடைக்காரனுக்குக் கடன், இன்னும் உரம் வாங்கவா என்று கேட்கிறார். நாலு பேர் குரல்பதிவில் பேசுகிறார்கள், ஒருவர் திட்டுகிறார், ஒருவர் தன் வயலுக்கு வந்து பார்க்கச் சொல்கிறார். அன்று இரவு அல்லது அந்த வார இறுதியில் ஒருவர் இருந்து அதைப் பத்து வரியாக எழுதித் திறந்த பேஸ்புக் பக்கத்திலோ டெலிகிராம் சேனலிலோ போடுகிறார். கிட்டத்தட்ட இப்படி:

'கேள்வி: பயிர் வட்ட வட்டமாக மஞ்சளாகிக் காய்கிறது, உரம் போதாதா? பதில்: யூரியா போடும் முன் பயிரை விரித்துத் தூரைப் பாருங்கள். அடியில் அறக்கொட்டிப் பூச்சி மொய்த்திருந்தால் யூரியா நிலைமையை இன்னும் மோசமாக்கும். வயலில் நிற்கும் தண்ணீரை வடிய விடுங்கள். கண்ட மருந்தையும் அடித்தால் அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளும் சேர்ந்து சாகும். மருந்து வேண்டுமா, எது, எவ்வளவு என்பதை விவசாயப் போதனாசிரியரிடமோ 1920 என்ற விவசாயத் திணைக்கள இலக்கத்திலோ கேளுங்கள். படுவான்கரை, பெரும்போகம்.'

கடன் இல்லை, கடைக்காரர் இல்லை, கேட்டவர் இல்லை, வயல் கண்டத்தின் பெயர்கூட இல்லை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரை என்ற அளவில் நிறுத்துங்கள், வயலுக்கு அடையாளம் அதற்குமேல் வேண்டாம். கேட்டவரிடம் 'இதைப் பெயரில்லாமல் வெளியே போடவா' என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் போடச் சொல்வார்கள், சிலர் பெருமையோடு பெயரையும் போடச் சொல்வார்கள். பதில் சொன்னவரின் பெயரை அவர் சம்மதித்தால் கட்டாயம் போடுங்கள், அவருக்குத்தான் வாசகர் வேண்டும்.

இதில் கஷ்டமான இடம் எழுதுகிற ஆள். எல்லோரும் நல்ல யோசனை என்பார்கள், ஒருவரும் எழுத மாட்டார்கள். நீங்களே எல்லாவற்றையும் எழுதவும் வெளிக்கிடாதீர்கள், ஒரு போகத்திலேயே அலுத்துவிடும். ஊரில் ஏ/எல் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் படிக்கிறவர்கள் இருப்பார்கள், ஒருவரைக் கேளுங்கள். பெயர் வெளியே வரும், வேலை தேடும்போது காட்டலாம் என்றால் சந்தோஷமாகச் செய்வார்கள். அதுவும் வாசகர் இருப்பதன் பலன்தான்.

வெளிப்பக்கத்தில் கொமென்ட் திறந்திருக்கட்டும், முக்கியமாகத் திருத்தம் சொல்ல. யாராவது போதனாசிரியர் 'இந்த அளவு பிழை' என்று எழுதினால் அன்றே திருத்தி, திருத்தியதாகவும் எழுதுங்கள், அதையே வாட்ஸ்அப் குழுவுக்கும் கொண்டு போங்கள். இப்படித்தான் மூடிய அறைக்கு வெளியில் இருந்து ஒரு கண் கிடைக்கும்.

5. கதவில் ஒரு கேள்வி, ஒன்றே ஒன்று

பேஸ்புக்கில் சேர வருபவரிடம் மூன்று கேள்வி வரை கேட்கலாம். மூன்றையும் நிரப்பாதீர்கள். தேசிய அடையாள அட்டை இலக்கம் கேட்கும் குழுக்களைக்கூடப் பார்த்திருக்கிறேன், அது அநியாயம். ஊர் ஆளுக்கு யோசிக்காமல் வாயில் வருகிற, வியாபாரிக்கும் விளம்பரக்காரருக்கும் சட்டென்று வராத கேள்வி ஒன்று போதும். எங்கள் கேள்வி: 'உங்கள் வயலுக்கு எந்தக் குளத்துத் தண்ணீர்?' உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி, அம்பாறைப் பக்கம் என்றால் சேனாநாயக்க சமுத்திரம் என்று வரும். சிலர் 'எங்களுக்கு எங்க குளம், மழைதான்' என்று எழுதுவார்கள், அவர் கட்டாயம் உண்மையான விவசாயி. வாட்ஸ்அப்பிலும் அட்மின் அனுமதித்தால்தான் சேரலாம் என்று வைக்க இப்போது வசதி உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். போஸ்டரில், பஸ் தரிப்பிடத்தில், பேஸ்புக்கில் என்று லிங்க் ஒட்டியிருந்தால் வேலை முடிந்ததும் அதை ரீசெட் செய்யுங்கள்.

கதவை இறுக்கினால் கெட்டவர் மட்டும் நிற்க மாட்டார், நல்லவரும் திரும்பிப் போவார். ஃபான்டம் என்ற தளத்தில் பலர் சேர்ந்து எழுதும் 136 விக்கிகள் கணக்குத் திறந்தவர் மட்டுமே எழுதலாம் என்று மாறியபோது என்ன நடந்தது என்று பெஞ்சமின் மாகோ ஹில், ஏரன் ஷோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். குப்பை குறைந்தது உண்மை. நல்ல பங்களிப்பும் கணிசமாகக் குறைந்துவிட்டது. கணக்குத் திறப்பது என்ன பெரிய வேலை? அந்தச் சின்னத் தடைக்கே இவ்வளவு.

6. திடீரென்று ஆட்கள் குவிந்தால்

இது கட்டாயம் நடக்கும், பெரும்பாலும் கார்த்திகை, மார்கழியில். மழை இறுகி, குளத்துக் கதவு திறந்து, ரோட்டுக்கு மேல் தண்ணீர் போகும் நாளில் ஊருக்குள் உருப்படியாக இயங்கும் குழு ஒன்று இருந்தால் அந்த லிங்க் எல்லா இடமும் போகும், ஒரு இரவில் ஆட்கள் மூன்று மடங்காவார்கள்.

இணையத்தில் இது பழைய கதை. யூஸ்நெட் என்ற பழைய உரையாடல் வலையில் ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் பல்கலைக்கழக மாணவர்கள் வந்து குழப்புவார்கள், பழையவர்கள் சொல்லிக்கொடுத்து ஒரு மாதத்தில் அடங்கிவிடும். பிறகு ஏஓஎல் போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் எல்லோருக்கும் கதவைத் திறந்துவிட, புதியவர் வருவது நிற்கவே இல்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று பழைய ஆட்கள் இன்றைக்கும் பகிடியாகச் சொல்வார்கள்.

ஆனால் ஆள் கூடினால் தரம் விழுந்தே தீரும் என்று நினைக்க வேண்டாம். ரெடிட் தளத்தில் பேய்க்கதை எழுதும் குழு ஒன்றை, புதிதாகக் கணக்குத் திறக்கும் எல்லோருக்கும் தானாகக் காட்டும் பட்டியலில் 2014 இல் சேர்த்தார்கள். ஆள் வந்து குவிந்தது, குழு உடையவில்லை. ஏன் என்று பார்த்தவர்கள் சொன்னது: மேற்பார்ப்பவர்கள் ஒற்றுமையாகவும் சுறுசுறுப்பாகவும் இருந்தார்கள், பழைய உறுப்பினர்களே புதியவர்களுக்கு விதியைச் சொல்லிக்கொடுத்தார்கள், விதி மீறலைப் பிடிக்கத் தானியங்கிக் கருவிகள் இருந்தன. இப்படிப் பட்டியலில் சேர்க்கப்பட்ட பத்துக் குழுக்களைப் பார்த்த 2017 ஆய்வு ஒன்றிலும் தரம் கொஞ்சக் காலம் சறுக்கிவிட்டு நிமிர்ந்துவிட்டது. ஆனால் எல்லோர் கண்ணும் சில போஸ்டுகளிலேயே குவியத் தொடங்கியது. சின்னக் கேள்வி கேட்கிறவர்தான் அதில் அடிபட்டுப் போகிறவர்.

ஆகவே வெள்ளம் வரும் முன்பே ஏற்பாடு செய்யுங்கள். வெள்ளம் வந்த அன்று குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றுங்கள், தகவல் தருகிறவர்கள் அட்மினுக்குத் தனியாக அனுப்பட்டும். பாலம் ஒன்றுக்கு மேல் தண்ணீர் போகிறது என்றால் யார் பார்த்தது, எத்தனை மணிக்கு என்று கேட்டுப் போடுங்கள், நேரம் இல்லாத படத்தைப் போடவே வேண்டாம், ஏனென்றால் போன வருடப் படம்தான் முதலில் சுற்றும். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தை மேலே பின் செய்து வையுங்கள். தண்ணீர் வற்றியதும் மீண்டும் பேச்சைத் திறங்கள், வந்தவர்களில் வயல்காரர் அல்லாதவர்களுக்கு நன்றி சொல்லி வெளிப்பக்கத்தின் லிங்கைக் கொடுத்து அனுப்புங்கள். கோபிக்க மாட்டார்கள், அவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

7. உள்ளே நடந்தது வெளியே போகும், அதை மனதில் வைத்தே விதி எழுதுங்கள்

இதை அம்பாறையில் இருப்பவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவில் மலட்டு மாத்திரை கலந்ததாகச் சொல்லி ஒரு கூட்டம் கடைக்காரரைச் சுற்றி நின்று கேள்வி கேட்டது. பயத்தில் நின்ற மனிதரின் அந்த வீடியோ பேஸ்புக்கில் 'ஒப்புக்கொண்டான்' என்று ஓடியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது மாத்திரையே இல்லை, மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பிறகு சொன்னது, ஆனால் வீடியோ போன தூரத்துக்கு அந்த அறிக்கை போகவில்லை. மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை வெடித்து, 7 ஆம் தேதியில் இருந்து பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் நாடு முழுக்க ஒரு வாரம் அளவில் முடக்கப்பட்டன. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்காக பேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கேட்டது.

நம் குழுக்களில் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே இருக்கிறோம், ஒருவரை ஒருவர் காக்கா, மச்சான் என்று கூப்பிட்டுப் பகிடி விடுகிறோம். அந்தப் பகிடியை ஸ்க்ரீன்ஷொட் எடுத்து மேலும் கீழும் வெட்டி வெளியே போட்டால் அது வேறு ஒன்றாகிவிடும். அதனால் முதல் நாளே சொல்லுங்கள்: மற்றவரின் குரல்பதிவு, முகம், ஸ்க்ரீன்ஷொட் எதுவும் அவரைக் கேட்காமல் குழுவை விட்டு வெளியே போகக் கூடாது. போனால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை வெளியே, அது தலைவரின் தம்பியாக இருந்தாலும் சரி. 'இங்கே பேசுவது வெளியே போகாது' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், உங்களால் காப்பாற்ற முடியாத வாக்கு அது. மூடிய குழு என்பது சட்டத்துக்கு முன்னால் ஒரு மறைப்பும் அல்ல. 2024 இன் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகளைப் பற்றியும் ஒருவரின் சொந்த விவரத்தைப் போட்டுத் தொல்லை செய்வதைப் பற்றியும் பேசுகிறது. அந்தச் சட்டத்தின் மீது விமர்சனம் நிறைய உண்டு, எனக்கும் உண்டு, ஆனால் அட்மினாக இருப்பவர் ஒருமுறை வாசித்து வைப்பது நல்லது.

8. பிறகு மாற்ற நினைத்தால்

திறந்ததை மூடுவதில் பிரச்சினை குறைவு. மூடியதைத் திறப்பதுதான் தொல்லை, ஏனென்றால் டெலிகிராம் போன்ற இடத்தில் பழைய பேச்சும் சேர்ந்து திறந்துவிடலாம், நேற்றுவரை நாற்பது பேருக்கு என்று எழுதியதை இன்றைக்கு ஊருக்குக் காட்டுகிறீர்கள். எழுதியவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. பழைய குழுவை அப்படியே விட்டுவிட்டுத் திறந்த இடம் ஒன்றைப் புதிதாகத் தொடங்குங்கள், விருப்பமானவர்கள் தங்கள் பழைய பதில்களை அங்கே தாங்களே கொண்டுவரட்டும்.

திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்ய உறுப்பினர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். பெரும்பாலான இணையக் குழுக்களில் பத்தில் ஒன்பது பேர் வாசிப்பதோடு சரி, இணையப் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 2006 லேயே எழுதிவைத்த கணக்கு அது, அதற்காக யாரையும் திட்ட வேண்டாம். நான் பார்ப்பது வேறு: புதியவர் ஒருவரின் முதல் கேள்விக்குப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது, பதில் சொல்வது ஒரே ஐந்து பேரா, பெண்கள் கேள்வி கேட்கிறார்களா அல்லது மகன் பெயரில் இருந்து கேட்கிறார்களா. கடைசியாகச் சொன்னது நடக்கிறது என்றால் உங்கள் கதவு தேவைக்கு மேல் திறந்திருக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் ஒருவரைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எது என்று ஃபோன் எடுத்துக் கேட்டுவிடுங்கள், குழுவில் கேட்காதீர்கள்.

அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும். இரண்டு பேர் இங்கே இருப்பவர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருந்தால் மேலே சொன்ன ஃபோன் அழைப்பை அவரே எடுப்பார். மூன்றாமவர் கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்தால் நாம் நித்திரை கொள்ளும் நேரத்தில் வரும் குப்பையை அவர் அழிப்பார், சேர வருபவர்களைப் பார்ப்பார். ஆனால் குழுவைப் பப்ளிக் ஆக்குவதா என்ற முடிவை மட்டும் இங்கே இருக்கும் இரண்டு பேரும் சேர்ந்து எடுக்கட்டும்.